மூன்றாம் நாளே காட்டியிருக்க வேண்டிய தாள்

மங்கையர்க்கரசி இறந்த செய்தி காலைக் காபிக்கு முன்பே வந்தது. அரியலூரிலிருந்து அவருடைய தம்பி ராசாங்கம் போனில் பேசினார். "அக்கா போயிட்டாங்க டீச்சர். தூங்குனவங்க எந்திரிக்கல. மாரடைப்புன்னு டாக்டர் சொல்றாரு." பிறகு அவரே, "நல்லாத் தூங்கிட்டுத்தான் இருந்தாங்க," என்றார். எதற்காக அதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அரசி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதைத்தான் நாங்கள் இத்தனை வருடமாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

பெரம்பலூரில் நான் தலைமை ஆசிரியையாக இருந்த பெண்கள் பள்ளியில் அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவருடைய வட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். காம்பஸ் இல்லாமல், தோளை அசைக்காமல், சாக்பீஸை ஒரே வீச்சில் சுற்றிக் கொண்டுவந்து தொடங்கிய புள்ளியிலேயே முடிப்பார். அந்த வட்டம் ஏன் இடையில் நின்றுபோனது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது.

அவருக்கு இருந்தது இருமுனை மனநோய், பைபோலார் என்கிறார்களே, அது. சில மாதங்கள் மனம் பொங்கி எழும். தூக்கம் வேண்டியிராது, எதுவும் முடியும் என்று தோன்றும். பிறகு சில மாதங்கள் தலை வாரிக்கொள்ளக்கூடக் கை எழாது. இதை நான் வெளியிடலாமா என்று யாரும் கவலைப்பட வேண்டாம். போன வருடம் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது அவரே சொன்னார்: "நான் போனா நீங்கதான் எழுதுவீங்க டீச்சர். 'உடல்நலக் குறைவால்'னு மழுப்பிடாதீங்க. பேரைச் சொல்லி எழுதுங்க. இல்லன்னா மார்க் கிடையாது."

அரசி தா.பழூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் பள்ளியில் சேர்ந்து சில வருடங்கள் கழித்து நோய் தெரிந்தது. திருச்சியில் ஒரு டாக்டர் லித்தியம் என்ற மாத்திரையைக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தார். ஒரு நாள் பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி நெளிந்திருந்தது. அரசியின் கை வெடவெடவென்று ஆடியது, நாக்குக் குழறியது. அவரையும் அவருடைய தாயார் பவுனம்மாளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனேன்.

"சாப்பாட்டுல எதுவும் மாத்துனீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

பவுனம்மாள் பெருமையாகவே சொன்னார்: "உப்பை விட்டுட்டோம்ங்க. சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன், இவளுக்குக் கொணமாவணும்னு. ஒரு மண்டலம் ரெண்டு பேருக்கும் உப்பில்லாச் சோறுதான். திங்கள், வெள்ளி கோயில் தொறக்குறப்ப போயிட்டு வந்துடறோம்."

"இந்த மாத்திரையும் ஒருவகை உப்புதாம்மா. சோத்து உப்பு கொறஞ்சா ஒடம்பு இதை வெளிய விடாம புடிச்சு வெச்சுக்கும். ரத்தத்துல ஏறி வெஷமாயிடும்."

"நானுந்தான் உப்பு போட்டுக்கல. எனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"நீங்க மாத்திரை சாப்பிடலியேம்மா!"

எந்த அம்மனும் கேட்காத ஒன்றைத் தாய் தானாக நேர்ந்துகொண்டாள். அன்புதான். அந்த அன்பில் மகள் ஒரு வாரம் குளுக்கோஸ் பாட்டிலோடு கிடந்தாள்.

ஊர் ஒரே முடிவுக்கு வந்தது: மாத்திரைதான் விஷம். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நான் கன்னியர் மடம் நடத்திய பள்ளியில் வளர்ந்தவள். துக்கத்தைக் கைக்குட்டை மாதிரி நான்காக மடித்து உள்ளே வைக்கப் பழகியவள். "படிச்சவங்க நீங்க. மனசை ஒழுங்குபடுத்தினாப் போதும், எதுக்கு மாத்திரை?" என்று அரசியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொல்றதும் ஒரு விடைதான் டீச்சர். போட்டுப் பாக்காம சரின்னும் சொல்ல மாட்டேன், தப்புன்னும் சொல்ல மாட்டேன்," என்றார்.

மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதில் டாக்டருக்குச் சம்மதமில்லை. அரசி பிடிவாதமாக இருந்ததால், ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, தன் கண் முன்னால்தான் குறைக்க வேண்டும், கூடவே பொறுப்பான ஒருவர் கவனிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்த ஒருவராக அரசி என்னைத் தேர்ந்தெடுத்தார். ஒரு வரைபட நோட்டு வாங்கினார். கிடைக்கோட்டில் தேதி, செங்குத்தில் தூங்கிய மணி. ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு புள்ளி வைத்து என் மேசையில் காட்டுவார். அதோடு, மடித்த தாள் ஒன்றைக் கொடுத்து என் பீரோவில் பூட்டி வைக்கச் சொன்னார். முத்து முத்தான அவர் கையெழுத்தில் இப்படி இருந்தது:

"தொடர்ந்து மூன்று நாள் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக நான் தூங்கியிருந்தால் மூன்றாம் நாளே இதை என்னிடம் காட்டவும். நான் நன்றாக இருப்பதாகச் சொல்வேன். நம்ப வேண்டாம். உங்களைத் திட்டுவேன். வாங்கிக்கொள்ளவும். பிறகு திருச்சிக்கு அழைத்துப் போகவும். இப்படிக்கு, நல்ல நிலையில் இருக்கும் மங்கையர்க்கரசி."

மாத்திரை நின்றது. நான்கைந்து மாதங்கள் அமைதியாகப் போயின. கை நடுக்கம் போய், வட்டம் மறுபடியும் வட்டமானது. நான் சொன்னதுதான் சரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மாசி மாதம் பிறந்தது. பொதுத்தேர்வுக்கு அதிக நாளில்லை. அரசி காலை ஆறு மணிக்கே பள்ளிக்கு வந்து சிறப்பு வகுப்பு எடுத்தார். கணக்கென்றால் காய்ச்சல் வரும் பிள்ளைகள்கூட முதல் வரிசைக்குச் சண்டை போட்டார்கள். அப்படி ஒரு பாடத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. புள்ளிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மூன்றரை, மூன்று, மூன்று. மூன்றாம் நாள் நான் பீரோச் சாவியைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டு, தேர்வு முடியட்டுமே என்று திரும்ப வைத்தேன். பள்ளிக்கு நல்ல பெயர் வரும் என்று நினைத்தேன். வேறு காரணம் இருந்ததாக இன்று பொய் சொல்ல மாட்டேன்.

அப்படியே பதினோராம் நாளும் வந்தது. அன்று முற்பகலில் வாசல் பக்கம் ஒரு லாரி பிரேக் அடித்துக் கிறீச்சிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். எதிர்ப்புறத் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை நிழலை வைத்து அளக்கிறேன் என்று, அரசி முப்பது பிள்ளைகளையும் பெரிய சாலைக்கு அழைத்து வந்திருந்தார். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று அவருக்கு இரண்டு முழம் தள்ளி நின்றிருந்தது. அவருடைய முந்தானையைப் பிடித்தபடி நான்கு சிறுமிகள்.

"ஏம்மா, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? புள்ளைங்களை வேற இழுத்துக்கிட்டு!" என்று டிரைவர் கத்தினார்.

"நெழலோட நுனி உங்க டயருக்குக் கீழ இருக்கு. ரெண்டடி பின்னால எடுங்க," என்றார் அரசி. அந்தக் குரலுக்கு டிரைவர் வண்டியைப் பின்னால் எடுத்தார்.

பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு, என் அறைக் கதவைச் சாத்தி, தாளை மேசைமேல் வைத்தேன். அரசி அதைத் தொடவில்லை. எழுதியிருந்தபடியே திட்டினார். "உங்களுக்கு என்ன தெரியும்? உங்க வீட்டுக்காரரு செத்த பதினேழாம் நாளு பிரேயர்ல வந்து நின்னு அட்டெண்டன்ஸ் கேட்டவங்க நீங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா? மனசுன்னு ஒண்ணு இருந்தாத்தானே ஏறும், எறங்கும்! இல்லாதவங்க எனக்கு மாத்திரை சொல்ல வந்துட்டாங்க."

வாங்கிக்கொண்டேன். அவர் மூச்சு வாங்க நின்றார். அப்போதுதான் தாள் அவர் கண்ணில் பட்டது. தன் கையெழுத்தைத் தானே மெல்லப் படித்தார். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"எத்தனை நாளாச்சு?"

"பதினொண்ணு."

"மூணாம் நாளே காட்டிருக்கணும். நீங்க கணக்கைத் தப்பாப் போட்டுட்டீங்க டீச்சர்." எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். "வாங்க, திருச்சி பஸ்ஸைப் புடிப்போம்."

கொதித்துக்கொண்டிருக்கும் மனத்துக்கு உலகத்தில் தான் ஒன்றுதான் சரி என்று படும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். அந்தக் கொதிப்பின் நடுவில் நின்று, மாதங்களுக்கு முன் தான் எழுதிய நான்கு வரிக்கு ஒருவர் கட்டுப்பட முடியும் என்பதை என் கண்ணால் பார்த்தேன். என் ஒழுங்கெல்லாம் வெயில் படாத செடி. அவருடையதைப் போன்ற ஒன்றை எந்தக் கன்னியர் மடத்திலும் நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவர் மாத்திரையை விடவில்லை. மாதம் தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். பவுனம்மாள் ஒரே கரண்டியால் ஒரே அளவு உப்புப் போட்டார், கூடாமல், குறையாமல். வருடங்கள் கழித்துச் சிறுநீரகம் களைத்தபோது டாக்டர் மருந்தை மாற்றினார். அதை அரசி வரைபடத்தில் பச்சை மையால் குறித்தார். கையில் லேசான நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. வகுப்பில் ஒரு பெண் எழுந்து, இப்போதெல்லாம் ஏன் மரக் காம்பஸ் என்று கேட்டாள். "மாத்திரை சாப்பிடறேன், கை ஆடும். அடுத்த கணக்கைப் பாரு," என்றார். அவ்வளவுதான்.

ஓய்வுக்குப் பிறகு அரியலூரில் தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார். குன்னத்திலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் பெற்றோர்கள் தேடி வருவார்கள். மாத்திரை வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. "இது நான் போட்ட கணக்கோட விடை. ஒங்க புள்ளையோட கணக்கை டாக்டரை வெச்சுக்கிட்டுப் போடுங்க. ஆனா யாருக்கும் தெரியாம நீங்களா நிறுத்தாதீங்க," என்பார். வந்தவர்கள் கையில் ஒரு வரைபடத் தாளைக் கொடுத்தனுப்புவார்.

செய்தி வந்த அன்று அரியலூருக்குப் போனேன். ராசாங்கம் அவருடைய கடைசி வரைபட நோட்டைக் காட்டினார். ஏழரை, ஏழு, ஏழரை. அதற்குப் பிறகு கட்டங்கள் காலி. நோட்டு அவர்களிடமே இருக்கட்டும் என்றேன். என்னிடம் அந்தத் தாள் இருக்கிறது, மடிப்பில் கிழிந்து, ஒட்டி. அந்தத் திட்டும் இருக்கிறது. அதற்காக அவர் பலமுறை மன்னிப்புக் கேட்டார், நான் ஏற்கவில்லை, ஏனென்றால் அதில் பிழை எதுவும் இல்லை.

அன்று அவர் தலைமாட்டில், தெருவில் சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருக்க, ஊரார் பார்க்க, நான் சத்தம்போட்டு அழுதேன். அவருடைய பழைய மாணவி ஒருத்தி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன். இந்த அழுகையும் தாமதம்தான். அரசி இருந்திருந்தால் மார்க்கைக் குறைத்திருப்பார். பூஜ்யம் போட்டிருக்க மாட்டார்.