இல்லாத வால்

ட்ரெய்லர்காரர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார் என்று பேசிக்கொள்வது அபாண்டம். விழுந்தது வண்டி. அதைத் தனியாக விழவிட மனம் வராமல் அவர் கூடவே போனார். இதுதான் அவர் தரப்பு வாக்குமூலம். பின்னால் உட்கார்ந்திருந்த வீட்டம்மாவுக்கு அப்படிப்பட்ட தாட்சண்யம் எதுவும் கிடையாது. அவர் சும்மாவே விழுந்தார்.

நடந்த இடம், வீட்டம்மா வேலை பார்க்கும் சட்டை ஃபாக்டரியின் வாசல். நேரம், காலை ஷிப்டுக்கு அத்தனை பேரும் உள்ளே நுழையும் நேரம். வேகம், நத்தை ஹாரன் அடித்து வழி கேட்கக்கூடிய வேகம். எதிர்ப்புறம் இருந்த வாசலுக்குப் போக ஒரு யூ டர்ன் போட வேண்டும், அவ்வளவுதான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சமாளிக்கலாம் என்றால், மனிதருக்கு மீசையே இல்லை. வாட்ச்மேன் ஓடி வந்து முதலில் டிபன் டப்பாவைத் தூக்கினார், அடுத்து வீட்டம்மாவை, அதற்கடுத்து வண்டியை, கடைசியாக, வேறு எதுவும் கீழே கிடக்காததால், இவரை.

இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். முப்பது வருஷம் நாற்பதடி ட்ரெய்லர் லாரி ஓட்டியவர். துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னருக்கு நடுவே, சீப்புப் பல்லுக்குள் பேன் நுழைவதுபோல, அத்தனை நீளத்தையும் ரிவர்ஸில் சொருகிவிட்டு இறங்கி டீ குடிப்பவர். கடலைத் தாண்டினவனுக்கு வாய்க்கால் எம்மாத்திரம் என்பார்கள். இவர் கடலைத் தாண்டிவிட்டு வாய்க்காலில் முழுகினார்.

கம்பெனி ட்ரெய்லர்களை விற்றுவிட்டு அவரை உள்ளூர் கோடவுனில் மேற்பார்வைக்குப் போட்டதிலிருந்துதான் இந்த வினை. ஆயுளில் முதல்முறையாகத் தினமும் காலையில் வீட்டில் இருந்தார். வீட்டம்மா இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவதையும் முதல்முறையாகக் கண்ணால் கண்டார். ஒரு பஸ்ஸில் நிற்க இடம் கிடையாது. இன்னொரு பஸ் நிற்பதே கிடையாது. இத்தனை வருஷமும் இப்படித்தானா என்று கேட்க வாய் வரவில்லை. "நாளையிலேருந்து நான் கொண்டுபோய் விடுறேன்" என்று மட்டும் சொல்லி, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி வந்து நிறுத்தினார். முதல் நாள் மேற்படி சம்பவம். இரண்டாம் நாள் வீட்டம்மா பழையபடி பஸ்.

"இன்னொரு தடவ ஏறிப் பாரேன்."

"மொதல்ல முழங்கால்ல தோல் வளரட்டும்."

"அங்க ரோடு சரியில்லம்மா."

"அந்த ரோட்டுல தினம் முந்நூறு பேர் வர்றாங்க. ரோடு உங்களத்தான் தேடிப் பிடிச்சு தள்ளிவிட்டுச்சாக்கும்."

வீட்டம்மாவுக்கு ஃபாக்டரியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டையை வெளிச்சத்தில் விரித்து, கோணல் தையலைக் கண்டால் ஓரமாகத் தள்ளிவிடுவார். தொழில் தர்மப்படி புருஷனையும் தள்ளிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவரோ கூடத்தோடு நிற்காமல் டயர் கோணல், ஹாண்டில் கோணல், காற்றே கோணல் என்று ஒரு வாரம் வாதாடினார். ஆனால் காலையில் வீட்டம்மா பையை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டித் தெருமுனை திரும்புவதை ஜன்னலில் பார்க்கும்போது வாதம் பாதியிலேயே நின்றுவிடும். வீட்டம்மா மறுபடி பின்னால் ஏறி உட்கார வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆகவே மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு மச்சினனிடம் போனார்.

மச்சினன், அதாவது வீட்டம்மாவின் தம்பி, டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன். நாற்பதைத் தாண்டியவன், தொப்பை அவனுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் வந்து சேரும். அக்கா புருஷன் தன்னிடம் கற்றுக்கொள்ள வந்ததில் அவனுக்கு ஏற்பட்ட துக்கத்தை அடக்கவே முடியவில்லை, பல்லெல்லாம் தெரிந்தது.

"எங்கிட்டயா மாமா? நீங்க ட்ரெய்லர் ஓட்டுனப்ப நான் சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டுக்கிட்டிருந்தேனே!"

"டேய் மாப்ள, சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சு முடிச்சிரு. வண்டியில ஏறினப்புறம் சிரிச்சா எனக்கு பேலன்ஸ் போயிடும்."

விடுமுறை நாளில் கோடவுன் முற்றம் காலியாகக் கிடந்தது. எட்டுப் போட அடையாளம் வேண்டுமே என்று மச்சினன் அக்கா வீட்டுப் பழைய செருப்புகளை ஒரு சாக்கில் அள்ளி வந்திருந்தான். தரையில் பெரிய எட்டு ஒன்றை வளைத்துப் பரப்பி, வளைவின் உச்சியில் வீட்டம்மாவின் ஊதாச் செருப்பை வைத்தான்.

"இது மேல மட்டும் ஏத்திடாதீங்க மாமா. ஏத்துனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரிந்ததுதான் வினை. கண் அந்தச் செருப்பை விட்டு அகலவில்லை. கண் போன வழியே வண்டி போயிற்று. மற்ற செருப்பெல்லாம் பிழைத்துக்கொண்டன. ஊதாச் செருப்பு மட்டும் மறுபடி மறுபடி டயருக்கடியில் போய்ப் பாய் மாதிரி ஆனது.

மச்சினன் பானெட் திறந்த மெக்கானிக் மாதிரி இவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். ஒரு விஷயம் புரிபடவில்லை. இடது பக்கம் திரும்பும் முன்னால் மனிதர் வண்டியை வலது பக்கமாக அகலமாக இழுத்துக்கொண்டு போகிறார். பிறகு கண்ணாடியைப் பார்க்கிறார். பார்த்த உடனே பதறி முன் பிரேக்கைப் பிடிக்கிறார். ஹாண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் எந்த வண்டியும் படுத்துவிடும். படுத்தது.

"மாமா, கண்ணாடியில என்ன பாக்குறீங்க?"

"வால் தட்டாம வருதான்னு பாக்குறேன்."

"எந்த வாலு?"

ட்ரெய்லர்காரர் வாலைக் காட்டக் கையை நீட்டினார். திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒரு சாக்கும் நாலு செருப்பும்தான் இருந்தன. முப்பது வருஷமாக முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த நாற்பதடி அங்கே இல்லை.

"வால் இல்ல மாமா. சீட்டு முடிஞ்சா வண்டியும் முடிஞ்சுது."

"உங்கக்கா உக்காருவாளேடா?"

"எங்கக்கா என்ன நாற்பதடியா? இத அவகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

மச்சினன் ஸ்பேனரை எடுத்து இரண்டு கண்ணாடியையும் கழற்றினான். முற்றத்துக்குள் மட்டும், ரோட்டுக்குப் போகும்முன் மாட்டிவிட வேண்டும் என்ற நிபந்தனையுடன். பிறகு பாடம் ஆரம்பித்தது. கிளட்ச்சை முழுசாக விடாமல் பாதியில் பிடி. பின் பிரேக்கை வலிக்காமல் மிதி. திரும்பும்போது முன் பிரேக் என்று ஒன்று இருப்பதையே மற. செருப்பைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தை நோக்கி முகவாயோடு சேர்த்துத் தலையைத் திருப்பு.

எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் பார்க்காமல் இருப்பது எத்தனை பெரிய வேலை என்பது செய்து பார்த்தால் தெரியும். இன்னும் சில தடவை வண்டி விழுந்தது. இவரும் துணைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. ஒரு நாள், காலை ஊன்றாமல் ஒரு வட்டம் வந்துவிட்டது. அதை ஒட்டிக்கொண்டு இன்னொன்று. மனிதருக்கு நிறுத்த மனமே வரவில்லை. செக்கு மாடு பொறாமைப்படும்படி சுற்றிக்கொண்டே இருந்தார்.

"போதும் மாமா, தலை சுத்துது!"

"சுத்தறது நானு. உனக்கென்னடா?"

அடுத்த ஞாயிறு வீட்டம்மாவே முற்றத்துக்கு வந்து நின்றார். செருப்பை எடுத்துப் போக வந்தாராம். எடுத்துப் போகிறவர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, ஒரு முழு எட்டையும் தையல் தையலாகப் பார்ப்பானேன்? இவர் செருப்பையும் பார்க்கவில்லை, வீட்டம்மாவையும் பார்க்கவில்லை. எட்டை முடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"நடுவுல ஒரு தடவ கால ஊனுனீங்க."

"அது... சும்மா இளைப்பாற."

வீட்டம்மா தட்டையாகிப் போன ஊதாச் செருப்பைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார். "இது இனிமே எந்தக் காலுக்கும் ஆகாது" என்றார். தீர்ப்பு செருப்புக்கா, புருஷனுக்கா என்று விளங்கவில்லை. அன்று ராத்திரி ட்ரெய்லர்காரர் சாப்பாட்டில் உப்பில்லாததைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் வெளியே வந்தபோது, வீட்டம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியருகே நின்றிருந்தார்.

"என்ன பாக்குறீங்க? பஸ் போயிடுச்சு."

பஸ் அப்போதுதான் தெருமுனையில் வந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் பார்க்கவில்லை.

வழி நெடுக வீட்டம்மா பேசிக்கொண்டே வந்தார். புது சூப்பர்வைசர் செக்கிங் மேஜையை ஜன்னலோரத்திலிருந்து இருட்டு மூலைக்கு நகர்த்திவிட்டானாம். ஃபாக்டரி வாசல் எதிர்ப்புறம் வந்தது. ஷிப்டுக் கூட்டம் நின்றது. வாட்ச்மேன் முன்ஜாக்கிரதையாக நாற்காலியை விட்டு எழுந்தார். முதுகில் வீட்டம்மாவின் பாரம். கண்ணாடிகள் இரண்டும் பழைய இடத்திலிருந்து 'இங்கே பார், இங்கே பார்' என்றன. முன்னும் பின்னும் ரோடு காலியா என்று முறைப்படி ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, ட்ரெய்லர்காரர் முகவாயைத் தூக்கி வாசல் கேட்டை நோக்கித் திருப்பினார். பாதி கிளட்ச். பின் பிரேக் லேசாக. வண்டி சாய்ந்தது, வளைந்தது, நிமிர்ந்தது.

"...அந்த இருட்டுல நான் கோணல் தையல எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டு முடித்தபோது வீட்டம்மா கேட்டுக்கு முன்னால் இருந்தார். அந்த வாக்கியம் அரை வட்டம் முழுவதும் ஓரிடத்திலும் தடுக்கவில்லை. தோளைப் பிடித்த கை இறுகவும் இல்லை. சரித்திர முக்கியத்துவம் வாய்ந்த அந்தத் திருப்பத்தை அவர் கவனிக்கவே இல்லை.

ட்ரெய்லர்காரர் அப்படியே நின்றார். பாராட்டாக ஒரு வார்த்தை? அரை வார்த்தை? வீட்டம்மா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு நடந்தார். நாலடி போனதும் திரும்பினார்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துடுங்க. லேட் பண்ணாதீங்க."