ரெக்கைக்கு அடியில் ஒன்பது பொட்டு

அம்சவேணியின் உள்ளங்கைக்குத் தெரியாத மேடுபள்ளம் சித்தூர் ஜில்லாவிலேயே கிடையாது. புத்தலப்பட்டு ஷெட்டில் வார்த்த தண்ணீர்த் தொட்டியை ஒரு தடவு தடவினால் போதும். செய்தவன் அன்று காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டானா, சண்டையில் ஜெயித்தது யார் என்பதுவரை சொல்லிவிடுவாள். நம்பாதவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுத் தொட்டிதான் இன்றைக்கும் ஒழுகுகிறது.

நகரிக்கு அப்பால் எல்லையோரக் கிராமத்தில், மாந்தோப்புக் கூலி துலுக்காணத்தின் மகளாகப் பிறந்தவள். குவைத்தில் ஐந்து வருஷம் யார் வீட்டுக் கண்ணாடியையோ துடைத்துவிட்டுத் திரும்பி, புத்தலப்பட்டில் நாகபூஷணத்தின் ஃபைபர் ஷெட்டில் சேர்ந்தாள். ஆட்டோ மேற்கூரை, பஸ் பம்பர், கல்யாண மண்டப வாசலில் தும்பிக்கை தூக்கி நிற்கும் யானை எல்லாமே அங்கே அச்சில் நார்த்துணியையும் ரெசின் பசையையும் மாற்றி மாற்றி ஒட்டிச் செய்வதுதான். துணிக்கு நடுவே காற்று தங்கினால் வேலை கெட்டது. எட்டு வருஷத்தில் அவள் ஒட்டிய துணியில் கடுகளவு குமிழி நின்றதில்லை.

2012 பொங்கல் கழிந்த மறுமாசம், சென்னையிலிருந்து ஜெயச்சந்திரன் என்கிற இன்ஜினியர் ஒரு ஃபார்முலா பந்தயக் காரின் படத்தோடு வந்து இறங்கினார். ஒரே ஆள் உட்காரும் வண்டி. சக்கரம் நான்கும் உடம்புக்கு வெளியே. இடுப்பு இருபக்கமும் உள்வாங்கி, மூக்கு நீண்டு, பாதி வழியில் படி இறங்கியதுபோல் ஒடிந்திருந்தது. அந்த வருஷத்துப் புது மோஸ்தராம்.

"இன்னா சார் இது, கிளிமூக்கு மாங்காயை யாரோ மிதிச்ச மாதிரி கீது" என்றாள் அம்சவேணி.

"அழகுக்குப் பண்ணலம்மா, காத்துக்குப் பண்ணது" என்ற ஜெயச்சந்திரன், மூக்கின் கீழே இரண்டு பக்கமும் நீண்டிருந்த முன் ரெக்கையைக் காட்டினார். "ஏரோப்ளேன் ரெக்கையைக் கவுத்துப் போட்டா இதுதான். அது மேல தூக்கும், இது கீழ அமுக்கும். ரெக்கைக்கு அடியில காத்து ஒட்டிக்கிட்டு ஓடணும். எங்கேயாவது பிச்சுக்கிச்சுன்னா அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குப் பிடிப்பே இருக்காது. அடிப்பக்கத்துல ஒரு விரல் ரேகைகூடப் படக் கூடாது."

ரெக்கை அவள் கையில்தான் உருவானது. சித்திரை வெயிலில் வண்டி முதன்முறை ஓடியபோதுதான் வினை தொடங்கியது. நூற்றிருபதைத் தாண்டிப் பிரேக் போட்டால் வலப்பக்கம் வெட்டி இழுத்தது. மூன்று தடவை ஓட்டினார்கள். மூன்று தடவையும் இழுத்தது. மறுநாள் காலை ஷெட்டில் ரெக்கையின் மேலும் அடியிலும் ஸ்கேல் வைத்துப் பார்த்தார் ஜெயச்சந்திரன். கண்ணாடிபோல் மட்டமாக இருந்தது. அப்படியானால் குற்றம் உள்ளே இருக்க வேண்டும்.

"இடது பக்கத்துல துணியைக் கோணலா ஒட்டியிருக்கீங்க. வேகத்துல ரெக்கை முறுக்கிக்குது, வலது சக்கரம் மட்டும் பிடிக்குது. இன்னொரு தடவை இழுத்துச்சுன்னா அச்சை எடுத்துக்கிட்டுக் கோயம்புத்தூர் போயிடுவேன்."

நாகபூஷணம் அவள் முகத்தைப் பார்க்காமல், தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: "அப்புடு நீயும் வரவேணாம்மா. கை தப்பினவள வெச்சிக்கினு நான் இன்னா சேசேதி, இன்னா செய்யறது, சொல்லு?"

கை தப்பியவள் என்ற பேர் சித்தூர் முதல் திருப்பதிவரை எல்லா ஷெட்டுக்கும் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் மறுபடியும் குவைத்துதான், யார் வீட்டுக் கண்ணாடியோதான். திருப்பதி ஹாஸ்டலில் தங்கி பாலிடெக்னிக் படிக்கும் மகள் ரோஹிணியைப் போனில் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி ஓட்டத்துக்குத் தடா பக்கம் போனார்கள். அங்கே தொழிற்பேட்டைக்கென்று போட்ட அகலமான சாலை, கம்பெனிகள் வருவதற்கு முன்பே வந்து காத்துக்கிடந்தது. பந்தயக் காரைப் பங்காருபாளையத்து மாங்காய் லாரியில் ஏற்றித் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். செக்போஸ்ட்காரன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த ரகம் எந்தத் தோட்டத்தில் காய்க்கிறது என்று கேட்டானாம்.

வண்டியை இறக்கியபோது பதினோரு மணி. தாரில் தோசை வார்க்கலாம். ஓட்டுகிறவன் பவன்குமார், திருப்பதிக்காரன், இருபத்துநாலு வயசு. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, "அக்கா, நேரா போய் நேரா வந்துட்டா உனக்கு ரெண்டு லட்டு" என்றான். அவன் குரல் சிரித்தது. விரல்கள் ஹெல்மெட் பட்டையை மூன்று தடவை தவறவிட்டன.

அதைப் பார்த்ததும் அம்சவேணிக்குப் பொறுக்கவில்லை. புதுச் சைக்கிள்கூடப் பொட்டு வைக்காமல் தெருவில் இறங்காத ஊரில், இந்தப் பிள்ளையை மூன்று தடவை வெறும் நெற்றி வண்டியில் அனுப்பியாகிவிட்டது. துடைக்கிறாற்போலத் துணியோடு மூக்கின் அடியில் படுத்தாள். இடுப்பில் செருகியிருந்த விக்ஸ் டப்பாவைத் திறந்தாள். ஒட்டி நிற்கட்டும் என்று நல்லெண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்த குங்குமம். மேலே வைத்தால் இன்ஜினியர் பார்த்துவிடுவார். ரெக்கைக்கு அடியில் யார் பார்க்கப்போகிறார்கள்? முன்விளிம்பு ஓரமாக இடது பக்கம் ஒன்பது, வலது பக்கம் ஒன்பது.

எஞ்சின் அலறியது. வண்டி சாலைக் கோடியில் சிவப்புக் கடுகாகச் சிறுத்து, திரும்பி, வளர்ந்துகொண்டே வந்தது. நூறு. நூற்றிருபது. நூற்றைம்பது இருக்கும், பிரேக் விழுந்தது.

வண்டி வலப்பக்கம் வெட்டியது.

மண்ணில் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, புழுதியைக் கோபுரமாகக் கிளப்பி, சிமெண்ட் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அம்சவேணி ஓடியதில் செருப்பு எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது. பவன்குமார் கையைத் தூக்கினான். உயிர் இருந்தது. ஜெயச்சந்திரன் அவன் சீட் பட்டையை அவிழ்க்க, அவள் மூக்கின் அடியில் குனிந்தாள்.

பொட்டு எதுவும் பொட்டாக இல்லை. காற்று எல்லாவற்றையும் இழுத்துப்போயிருந்தது. வலது ரெக்கையில் ஒன்பது சிவப்புக் கோடுகள், எண்ணெய் வைத்துச் சீவின தலைபோலப் பின்பக்கம் நேராக. இடது ரெக்கையில் இரு ஓரத்திலும் இரண்டிரண்டு கோடுதான் நேராகப் போயிருந்தது. ஐந்தாவது பாதியில் நின்று, சுழித்து, அக்கம்பக்கத்துக் கோடுகளையும் கலக்கிக் காக்கைக் கூடாக்கியிருந்தது.

அவள் கையில் துணி இருந்தது. ஒரு இழு இழுத்தால் போதும், விரல் ரேகைகூடப் படாத இடத்தில் குங்குமம் வைத்த குற்றம் மறைந்துவிடும். கோணலாக ஒட்டினாள் என்ற குற்றம் நிற்கும். துடைக்காமல் விட்டால் இரண்டுமே அவள் தலையில் விழலாம். பின்னால் பவன்குமார் இருமுவது கேட்டது. நாளைக்குக் கோயம்புத்தூர் ரெக்கை வரும்வரை இதையே மாட்டிக்கொண்டு ஓட்டினாலும் ஓட்டுவான்.

துணியைத் தூக்கி எறிந்தாள்.

"சார், இங்க வந்து பாருங்க."

ஜெயச்சந்திரன் தாரில் முதுகு பொசுங்கப் படுத்தார். "யார் வெச்சது இது?"

"நான்தான் சார்."

"படிச்சுப் படிச்சு..." என்று தொடங்கிய வாய் நின்றுவிட்டது. கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "வெளிநாட்டுல எண்ணெயில கலர் கலந்து இப்படித்தாம்மா பூசுவாங்க, காத்து எப்படிப் போவுதுன்னு பாக்க. எனக்குத் தோணவே இல்ல. அஞ்சாவது பொட்டுக்கு முன்னால என்ன இருக்கு, கை வெச்சுப் பாருங்க."

அவள் உள்ளங்கையை வைத்தாள். விளிம்பில் ஒரு மேடு. சூடாக, தோசையில் எழும்பும் கொப்புளம் மாதிரி.

"காலைல இது இல்ல சார். வெயில்ல உப்பிக்கினு கீது. உள்ள காத்து நிக்கிது." அவள் கையை எடுக்கவில்லை. "என் கையில குமிழி நிக்காது சார். நிக்கவே நிக்காது."

"கத்தி கொண்டாங்க" என்றார் ஜெயச்சந்திரன்.

நாகபூஷணம் மெல்ல லாரிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார். கொப்புளத்தைக் கீறியதும் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. உள்ளே துணிக்கு நடுவில், இலைபோல மெல்லிய பெருமாள் டாலர்.

எல்லோரும் லாரியைப் பார்த்தார்கள்.

"மஞ்சிக்குதானே, நல்லதுக்குதானே செஞ்சேன்!" என்று அங்கிருந்தே கத்தினார் நாகபூஷணம். "வீடு கட்டினா கடைக்கால்ல காசு போடல? அம்சவேணி சோறு துன்ன போனப்போ ஒரு துணியைத் தூக்கி வெச்சி ஒட்டிட்டேன். நூல் கனங்கூட இல்லியே, தேவுடா!"

எட்டு வருஷமாக அவரை வாங்க, போங்க என்ற அம்சவேணியின் வாய் அன்றைக்குத்தான் மாறியது. "டாலர் விஷயத்த மறைச்சிக்கினு என் கை தப்பிடுச்சின்னு சொன்னியே மொதலாளி! ஏழு மலை தாண்டிக் காத்தாட நிக்கிற பெருமாள, என் துணிக்குள்ள மூச்சு முட்ட அடைச்சிட்டியே!"

நாகபூஷணம் லாரியை விட்டு வந்து, தன் துண்டை எடுத்து ரெக்கைக்கு நிழல் பிடித்தார்.

அம்சவேணி டாலர் எடுத்த குழியை ரெசினால் நிரப்பி, காயவிட்டு, தேய்த்தாள். உள்ளங்கை போதும் என்று சொல்லும்வரை தேய்த்தாள். மணி நாலாகிவிட்டது. டாலரைப் பவன்குமார் வாங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். "சாமி என்னோட வரட்டும்க்கா, ரெக்கையில வேணாம்."

ஜெயச்சந்திரன் கை நீட்டினார். "அந்த விக்ஸ் டப்பாவைக் குடுங்க." தானே அடியில் படுத்துப் பொட்டு வைத்தார், அங்குலம் அளந்து, பக்கத்துக்கு எட்டு. எழுந்து கை துடைக்கப் போனார்.

அவர் முதுகு திரும்பும்வரை காத்திருந்து, அம்சவேணி குனிந்து பக்கத்துக்கு ஒன்று சேர்த்தாள். பிறகு சாலையோரம் போய் நின்றாள். தூரத்தில் சிவப்புக் கடுகு திரும்பி, வளர்ந்து, நூற்றைம்பதில் வந்து, பிரேக் பிடித்து, நூல் பிடித்தாற்போல் அவள் எதிரில் வந்து நின்றது.