திண்டுக்கல்லுக்குப் பிரஸ் வாங்கப் போன நாள்

பட்டறைக்குப் பழைய இயந்திரம் வாங்கத் திண்டுக்கல் போகலாமா என்று சிலர் எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். நான் முதன்முதலில் போனது 1963இல், பொங்கல் முடிந்த வாரம். அப்போது நெய்க்காரப்பட்டியில் எண்ணெய் டின்களுக்கு மூடி செய்யும் சின்னப் பட்டறை வைத்திருந்தேன். எல்லாம் கைவேலை. எண்ணெய் மில் ஒன்றின் பெரிய ஆர்டரை ஒப்புக்கொண்டுவிட்டேன், கையால் முடியாது. திண்டுக்கல்லில் வர்த்தகர் சங்கம் ஒன்று, காலால் மிதித்துத் தகரம் வெட்டும் பழைய பிரஸ்களைப் பழுது பார்த்துச் சிறு பட்டறைகளுக்கு மலிவாகக் கொடுக்கிறது, தலைவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள்.

காலை ஆறேகாலுக்குப் பஸ். பழனியில் மாறி, ஒட்டன்சத்திரம் வழியாக நாற்பத்திரண்டு மைல். கட்டணம் ஒரு ரூபாய் தொண்ணூறு நயா பைசா. ஒன்பதரைக்கு இறங்கினேன். (ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டை ஏற்ற அரை மணி நேரம் நிறுத்திவிட்டார்கள்.)

தலைவர் மைதீன் ராவுத்தர், தோல் வியாபாரி. தகரத்துக்குப் பெர்மிட் கிடைக்காமல் தவித்த சின்னப் பட்டறைக்காரர்களுக்காகப் பத்து வருடமாக மனுவும் கையுமாக அலைந்தவர். தன் தோல் கிடங்கில் பாதியைக் காலி செய்து தொழிற்பயிற்சிக் கூடமும் நடத்தினார். அன்று புது வகுப்பு தொடங்கும் நாள்.

"செத்த நேரம் உள்ள வந்து உக்காருங்க. பேசிட்டு வாரேன்" என்றார்.

உள்ளே இருபது பேர் இருந்தார்கள். பிரஸ் பக்கத்தில் பயிற்சியாளர் சூசை நின்றார். ராவுத்தர் அவருடைய வலது கையைப் பிடித்து உயர்த்தினார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே இருந்தன.

"இந்தக் கையப் பாத்துக்கங்க. இதுக்குக் காரணம் நான்தான்."

பின்வரிசையில் ஓரிருவர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அப்ப எனக்கு டிரங்குப் பெட்டிப் பட்டறை இருந்துச்சு. இவரு அகரத்துல வெள்ளாமை பாத்தவரு. வேலைக்கு வந்த மொத நாளே பிரஸ்ல உக்கார வச்சேன். எப்ப மிதிக்கணும்னு காட்டுனேன். எப்பக் கைய எடுக்கணும்னு காட்டல. மத்தியானத்துக்குள்ள மூணு விரல் போயிருச்சு. அம்புட்டு அவசரம் எனக்கு."

ஊரே மதிக்கும் மனிதர், யாரும் கேட்காமலே இதைச் சொல்கிறார். சூசை இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் ராவுத்தர் பேனாவை எடுத்தபடி கேட்டார்: "உங்க பட்டறையில பிரஸ்ல யாரு உக்காரப் போறா?"

"என்ற மச்சினந்தானுங்க. திங்கக்கெழமையே ஆரம்பிச்சுரலாம்னு இருக்கறனுங்க."

"இதுக்கு முன்னாடி என்ன செஞ்சாரு?"

"வெள்ளாமைங்க."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது. அவர் பேனாவை மூடிவிட்டார்.

"அடுத்த வகுப்புக்கு அவர அனுப்புங்க. மூணு மாசம் பழகட்டும். பெறகு கையெழுத்துப் போடுறேன்."

"மில்லுக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டனுங்களே!"

"நானும் அன்னைக்கு ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருந்தேன்" என்றார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

பஸ் நிலையம் வரை சூசை உடன் வந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை. "எல்லாரு முன்னாலயும் அவரு உங்க கையத் தூக்கிக் காட்டறப்ப வருத்தமா இருக்காதுங்களா?"

"இருக்கத்தான் செய்யும். ஆனா வாத்தியாரா வரச் சொன்னப்ப நான் போட்ட கண்டிஷனே அதுதான். ஒவ்வொரு வகுப்புக்கும் மொத நாள் அவரே வந்து சொல்லணும். ஒரு தடவ விட்டாலும் நான் வர மாட்டேன்னு சொல்லிட்டேன்."

அதுவரை அதை ராவுத்தரின் பெருந்தன்மை என்றே நினைத்திருந்தேன். பழனி வந்து சேரும்வரை அதிர்ச்சி அடங்கவில்லை.

மில் ஆர்டர் கைவிட்டுப் போனது. வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. சித்திரையில் மைத்துனரை அனுப்பினேன். ஆடி பிறந்த பிறகுதான் பிரஸ் வந்தது. அதில் அவர் பல வருடம் வேலை பார்த்தார், ஒரு கீறலும் இல்லாமல்.

இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். இயந்திரத்தில் உட்காரப் போகிறவரையும் கூட்டிப் போங்கள். விலை பேசும் முன் அவர் அதைத் தொட்டுப் பார்க்கட்டும்.

மைத்துனரின் முதல் வகுப்புக்கு நானும் போய்ப் பின்னால் நின்றேன். "மூணு விரல்" என்று சொல்ல வந்த இடத்தில் ராவுத்தருக்குக் குரல் அடைத்துக்கொண்டது. சூசை தண்ணீர்ச் செம்பை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் குடித்து முடித்து, மீதியையும் சொல்லும்வரை சூசை காத்திருந்தார்.