அந்தச் சிரிப்பை யார் எடுத்தது?

போன் வந்தபோது இயக்குநர் ‘ஒன்மோர்’ ஒரு மூட்டுவலி டாக்டரை நான்காவது தடவையாக வணக்கம் சொல்ல வைத்துக்கொண்டிருந்தார். காலை நேர டி.வி. நிகழ்ச்சி. டாக்டர் நன்றாகத்தான் சொன்னார். இவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “ஒன் மோர் சார்” என்றார். முப்பத்தைந்து வருஷமாக எந்தத் தளத்துக்குப் போனாலும் இதையே சொல்லிச் சொல்லி அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் டைட்டில் கார்டோடு சரி.

போனில் பேசிய பெண், ஒரு குறும்பட விழாவின் செயலாளர்.

“சார், உங்க ‘கை ஜாக்கிரதை’யைத்தான் இந்த வருஷம் தொடக்கப் படமா போடறோம். நீங்க அவசியம் வரணும்.”

“என்ன ஜாக்கிரதை?”

“கை, சார். தொழிற்சாலைப் பாதுகாப்புப் படம். பதினோராவது நிமிஷத்துல ஒரு சிரிப்பு வருமே, அதைப் பத்தி எங்க மாணவர்கள் கட்டுரையே எழுதியிருக்காங்க.”

யாரோ வம்புக்கு இழுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். பாராட்டு அவருக்குப் பழக்கமில்லாத சமாசாரம். உதவி இயக்குநராக ஆறு வருஷம் கிளாப் அடித்து, வசனப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு அலைந்து, ஒருவழியாக எடுத்த முதல் சினிமா தியேட்டரில் ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் இவர் ஓடினார். அப்புறம் தண்ணீர் மோட்டார் விளம்பரம், சோப்பு விளம்பரம், கொசு ஒழிப்புக்கு ஒரு படம். பிறகு சீரியல். இன்னொருவர் பாதியில் விட்டுப்போனதை இருநூற்றுப் பன்னிரண்டாவது பாகத்திலிருந்து பிடித்து ஓட்டினார். கதாநாயகிக்கு இரண்டு தடவை நினைவு தப்பியது. மூன்றாவது தடவையும் தப்ப வைக்கச் சொன்னபோது இவர் தப்பித்து வந்துவிட்டார். வினாடி வினா, பட்டிமன்றம், இப்போது மூட்டுவலி. இத்தனைக்கும் நடுவில் சிரிப்பு எங்கிருந்து வந்தது?

செயலாளர் படத்தை அனுப்பி வைத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாணம் நிச்சயமாகியிருந்த மகளுடைய லேப்டாப்பை மேஜையில் வைத்து அவரும் மனைவியும் மகளும் பார்த்தார்கள். தொளதொளவென்று சட்டை போடாதே, இயந்திரம் ஓடும்போது கையை விடாதே என்று பின்னணிக் குரல் மிரட்டிக்கொண்டே போனது. சந்தேகமே இல்லை, இவர் எடுத்ததுதான்; அசையாத கேமரா, அளந்து வெட்டிய காட்சிகள். மனைவி கொட்டாவியை மறைத்துக்கொண்டார்.

பதினோராவது நிமிஷத்தில் குரல் நின்றது. நீலச் சீருடையில் ஒரு நடுத்தர வயதுப் பெண், ஓய்ந்துபோன இயந்திரத்தின் பக்கத்தில் நின்றாள். துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அப்புறம் நேராகக் கேமராவைப் பார்த்து ஏதோ கேட்டாள். சத்தம் இல்லை. ஒரு கணம் முழித்தாள். பிறகு முகமெல்லாம் விரிந்து அப்படி ஒரு சிரிப்பு! சொந்தக்காரர் வீட்டில் நல்லது நடந்ததைக் கேட்டமாதிரி.

மகள் லேப்டாப்பை நிறுத்தினாள். “அப்பா! இது நீங்க எடுத்ததா?”

“இல்லம்மா” என்றார் அவர் பட்டென்று. “கேமராவைப் பாக்கற ஆளை நான் விடவே மாட்டேன். இது வேற யாரோ எடுத்தது.”

“உங்க பேருதானே போட்டிருக்கு?”

“பேரு இருக்கு. அதான் எனக்கும் புரியல.”

மகள் படத்தைப் பின்னால் ஓட்டி டைட்டில் கார்டில் நிறுத்த, மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போய் அதிலிருந்த வருஷத்தைப் படித்தார். தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர். தேதி விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. “என்னங்க, இது இவ பொறந்த வருஷம். நான் ஆஸ்பத்திரியில இருந்தப்போ சட்டை முழுக்க எண்ணெய்க் கறையோட மூச்சு வாங்க வந்து நின்னீங்களே, அது இந்தப் படத்திலிருந்துதான்.”

சட்டை ஞாபகம் வந்தது. படம் வரவில்லை. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தான் எடுக்காத காட்சிக்கு மாலை வாங்கிக்கொள்வதா? எடுத்திருந்தால், எடுத்தது கூட மறந்துபோகிற அளவுக்கு என்ன வேலை பார்த்தோம்? மூன்றாம் நாள் பழைய கேமராமேனைத் தேடிப் போனார்.

கேமராமேன் இப்போது கடைத்தெரு மாடியில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறார். ஒரு அம்மாளின் முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்திக்கொண்டிருந்தவர், இவரைப் பார்த்ததும், “வாங்க டைரக்டரே, வெள்ளைச் சட்டை வேண்டாம், பின்னாடி திரையும் வெள்ளை” என்றார்.

அம்மாள் போனதும் இவர் விஷயத்தைச் சொன்னார். “உண்மையைச் சொல்லு. அது நீ எடுத்ததுதானே?”

“நானா? கேமரா பின்னாடி நின்னேன், அவ்வளவுதான். நீங்க கட் சொல்லல.”

“என்னது?”

“அந்தம்மா கையைத் துடைக்கணும்னு ஆக்‌ஷன் சொன்னீங்க. அதுக்குள்ள ஆபீஸ் ரூம்ல இருந்து ஆள் வந்து, உங்களுக்குப் பொண்ணு பொறந்திருக்குன்னு சொன்னார். எடுத்தீங்க ஓட்டம். கட் சொல்லாம கேமராவை நிறுத்தினா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? முதல் படத்துல ஒரு தடவை நிறுத்திட்டேன்னு மூணு நாள் என்கூடப் பேசல நீங்க. அதனால பிலிம் ரோல் தீர்ற வரைக்கும் ஓட விட்டேன்.”

“அவங்க ஏதோ கேட்டாங்களே?”

“‘உங்க டைரக்டர் ஏன் இப்படி ஓடறார்’னு கேட்டாங்க. ஒரு கை கேமராவுல இருந்துச்சு. இன்னொரு கையால குழந்தையை ஆட்டற மாதிரி காட்டினேன். முதல்ல புரியல. புரிஞ்சதும் சிரிச்சாங்க.”

இவர் அங்கிருந்த சுழல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது கொஞ்சம் சுற்றி நின்றது.

“சரி, படத்துல யார் சேர்த்தது?”

“அதுவும் நீங்கதான். கடைசி எடிட்டிங்ல உங்களுக்குப் பதிலா நான்தான் உக்காந்திருந்தேன், ரெண்டு நிமிஷம் குறையுதுன்னு உங்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ‘இருக்கறதைப் போடுய்யா’ன்னீங்க. போட்டேன்.”

இவருக்கு முன்னைவிட அதிகமாகக் குழம்பியது. ஆக்‌ஷன் சொன்னவர் இவர், ஓடியவரும் இவர். நின்றவர் அவர், சிரிக்க வைத்தவரும் அவர். அப்படியானால் அந்தக் காட்சி யாருடையது?

விழாவுக்குக் கேமராமேனைக் கையோடு இழுத்துக்கொண்டுதான் போனார். அரங்கம் நிறைந்திருந்தது. அந்தச் சிரிப்பு பெரிய திரையில் வந்தபோது இருட்டில் நூறு பேர் சேர்ந்து மெல்லச் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் மகள் அழுதாள். கதை முழுவதையும் அவளுக்கு வழியில் சொல்லியிருந்தார்.

விளக்குப் போட்டதும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “சார், அந்த இடத்துல நீங்க என்ன யோசிச்சீங்க?”

“நான் அங்க இல்லம்மா” என்றார்.

மாணவி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பக்கத்திலிருந்த செயலாளர், “எவ்வளவு பெரிய வார்த்தை!” என்று நெகிழ்ந்தார்.

“ஐயோ, நிஜமாவே இல்லம்மா! ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்!”

அதற்கும் கைதட்டினார்கள். வேறு வழியில்லாமல் கேமராமேனைக் கைப்பிடித்து மேடையேற்றி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். கேமராமேனோ மைக்கை வாங்கி, “அவர் சொன்னதைத்தான் செஞ்சேன், அவர் படம்தான்” என்று கதையை முதலிலிருந்து குழப்பிவிட்டார். கடைசியில் செயலாளர் ஒரே சால்வையை இரண்டு பேர் தோளிலும் சேர்த்துப் போர்த்தினார். அது ஆளுக்குப் பாதிதான் எட்டியது.

வெளியே வண்டிக்குக் காத்து நிற்கும்போது மகளிடம் கேட்டார், “நான் சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சிருக்குமா?”

“பாதிப் பேருக்குப் புரிஞ்சிருக்கும்ப்பா.”

“எனக்கு இன்னும் புரியல” என்றார். ஆனால் முகத்தில் வருத்தம் இல்லை. மறுநாளே தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதினார், அந்த அம்மாள் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து. பதில் வர ஏழு வாரம் ஆனது. ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு போய்விட்டாராம், முகவரி கிடைத்தது. மனைவி உறையில் தபால்தலையை நேராக ஒட்டிக் கொடுக்க, படத்தின் ஒரு பிரதியையும் மகளுடைய கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்து அனுப்பி வைத்தார்.