கூரைக்கு உபயம்

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில் லாபு என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஜப்பான்காரன் வந்த புதிதில் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போன முதல் பொருள் பள்ளிக்கூடத்துக் கூரை. துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் நாற்காலி, மேசை, கட்டில் என்று எவ்வளவோ கிடந்தன. இவர்களுக்கு எங்கள் தகரம்தான் பிடித்திருந்தது. லாரியில் அடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தூணும் சட்டமும் மட்டும் நின்றன.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். கூரையில்லாத பள்ளிக்கூடம் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வானம் கறுத்தால் வாத்தியார் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்து மழைக்குக் கேட்கவா வேண்டும்!

அம்மாவால்தான் அதைப் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் நடக்காத தோட்டத்துப் பிள்ளைகளை மரவள்ளிக் காட்டில் புல் பிடுங்க அனுப்பவேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் போன ஒரு பெண் பிள்ளை பாம்பு கடித்துச் செத்தும் போயிருந்தது. அதைக் கேட்டதிலிருந்து அம்மா தினமும் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும்போதே கிராணி ஐயாவைப் பிடித்துக்கொள்வாள். துரை போனபின் தோட்டத்தின் கணக்கு வழக்கெல்லாம் அவர் தலையில்தான். "கூரை என்னாச்சுங்கய்யா?" என்பதுதான் அம்மாவின் காலை வணக்கம்.

தொல்லை தாங்காமல் அவர் சிரம்பானிலிருந்த அதிகாரியைப் பார்க்கப் போனார். வந்து கோயில் முன்னால் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தோட்டந்தான் கூரை போடணுமாம், சர்க்கார்ல அதுக்குக் காசு இல்லையாம். இப்ப தோட்டம் யாரோடதுங்கன்னு கேட்டேன். எங்களோடதுன்னான். அப்ப நீங்கதானே போடணும்னேன். விட்டான் ஒரு அறை."

கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். எல்லாரும் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மறுநாள் காலையிலும் அதே கேள்வியோடு போய் நின்றாள்.

இரண்டாவது தடவை போனவர் முகமெல்லாம் தெளிந்து வந்தார். தகரம் கொடுக்கச் சம்மதித்துவிட்டார்களாம். தெமியாங்கில் ஒரு கிடங்கு நிறைய தகரம் இருக்கிறதாம். பதிலுக்குத் தோட்டம் ஆள் கொடுக்கவேண்டும். சயாம் பக்கம் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, சோறு அவர்களே போடுவார்கள்.

சோறு என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நாங்கள் சோற்றைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது, மூன்று வேளையும் கிழங்குதான். ஆனால் யார் போவது? எங்கள் தோட்டத்தில் எந்தப் பொதுக் காரியமானாலும் திருவிழா முறைதான். ஒரு லயத்து வரிசை வீடுகளெல்லாம் சேர்ந்து எண்ணெய் உபயம், இன்னொரு லயத்தார் பூ உபயம், அடுத்தவர்கள் பொங்கலுக்கு அரிசி. கூரைக்கும் அப்படியே முடிவானது. லயத்துக்கு ஒரு ஆள் உபயம்.

மற்ற லயத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்தாள். "எங்க லயத்துக்கு என் தம்பி போவான்."

அப்பா காய்ச்சலில் போனபிறகு எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை என்று இருந்தது மாமா ஒருவர்தான். கல்யாணம் ஆகாதவர், வாய்த்துடுக்கு அதிகம். "ஏன்க்கா, ஆட்டைக் கேக்காமலே நேந்துவிட்டுட்டியே!" என்றார். கோயில் வாசலே சிரித்தது. அன்றைக்கு அம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

போகிற நாளில் லயத்துக்கு ஒருவராக வந்து நின்ற எல்லாருக்கும் பூசாரி திருநீறு பூசி, செம்பருத்தி மாலை போட்டார். உபயக்காரர்களுக்குச் செய்கிற மரியாதை. லாரியில் ஏறுமுன் மாமா என்னைக் கூப்பிட்டார். "நான் வர்ற வரைக்கும் கூரை ஒழுகுதான்னு நீதான் பாத்துக்கணும். மூணு மாசந்தானே, வந்துருவேன்லா." எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாத்தியாருக்கே கிடைக்காத வேலை எனக்குக் கிடைத்திருந்தது.

ஜப்பான்காரன் சொன்ன சொல் தவறவில்லை. அந்த வாரமே லாரியில் தகரம் வந்தது. இறக்கி வைத்ததும் பிள்ளைகள் நாங்கள் சுற்றிச் சுற்றி வந்தோம். முதலில் பார்த்தது நான்தான். ஒரு தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தார் அப்பியிருந்தது. துரை காலத்தில் கூரை செப்பனிடும்போது மாமா ஆணியைத் தப்பான இடத்தில் அடித்து ஓட்டை போட்டுவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டே பூசிய தார். என் இடத்துக்கு நேர் மேலே இருந்ததால் பாடம் புரியாத நேரமெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், எனக்குத் தெரியாதா? உள்பக்கத்துப் பச்சைச் சாயமும் அதேதான்.

"அம்மா, இது நம்ம தகரம்! நம்ம தகரமே திரும்பி வந்துருச்சு!" என்று குதித்தேன். தொலைந்துபோன ஆடு தானாக வீட்டுக்கு வந்தது மாதிரி இருந்தது எனக்கு.

அம்மா வந்து குனிந்து அந்தத் தாரைத் தொட்டாள். பிறகு கிராணி ஐயாவைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எதுவோ வந்துச்சேன்னு இரும்மா" என்றார். மறுநாளிலிருந்து அம்மா காலைப் பெரட்டில் அவரிடம் எதுவும் கேட்பதையே விட்டுவிட்டாள். கேட்க இனி என்ன இருக்கிறது, கூரைதான் வந்துவிட்டதே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கூரை ஏறியது, பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்தது, நான் மரவள்ளிக் காட்டுக்குப் போகவில்லை. மூன்று மாதம் ஆகி, அதற்கு மேலும் போனது. சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. சண்டை முடிந்தும் வரவில்லை.

மழை நாட்களில் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குத் தாய்மார்கள் வந்து உள்ளே ஒதுங்கி நிற்பார்கள். அம்மா மட்டும் வர மாட்டாள். வெளியே ரம்புத்தான் மரத்தடியில் சேம்பு இலையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நனைந்து நிற்பாள். "உள்ள வாம்மா" என்று கத்துவேன். மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று வெட்கமாக இருக்கும், கோபமும் வரும். எங்கள் அம்மாவின் பிடிவாதம் ஊரறிந்தது. இதுவும் அதில் ஒன்று என்றுதான் நினைத்தேன்.

ஆனாலும் மாமா கொடுத்த வேலையை நான் விடவில்லை. ஈரக் கையால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு நடக்கும்போது, கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று ஒவ்வொரு மழைக்கும் சொல்லிக்கொண்டு வருவேன்: "மாமா தார் அடிச்ச இடம் இன்னிக்கும் ஒழுகலம்மா."