கை மாறிய காப்பு

அம்மனை நம்புகிற உங்கள் எல்லோரிடமும் இதைச் சொல்லியாக வேண்டும். எண்பதுகளின் தொடக்கம், ஒரு மாசி மாதம். மதுரை சிம்மக்கல் மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கும்போது லாரி பின்னால் வந்து என் இடது காலை நசுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அத்தோடு விட்டது என்று நினைத்தேன். விடவில்லை. தையல் பிரிந்து சீழ் வடிந்தது. நாற்றம் எனக்கே பொறுக்கவில்லை.

புண் ஆறும்வரை ஒரு வேளைச் சோறுதான், கவிச்சி தொடமாட்டேன் என்று கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, கட்டிலில் படுத்தபடியே கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த முட்டையும் பாலும் பக்கத்துக் கட்டில்காரருக்குப் போயின. அவர் தேறினார், நான் வற்றினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கட்டுப் பிரித்துப் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. "என்னய்யா சாப்பிடுற?" என்றார். மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

"சத்து இல்லாம சதை எப்படிய்யா கூடும்? ஒரு வாரம் பாக்குறேன். இல்லேன்னா மூட்டுக்கு மேல எடுக்கணும். மூட்டு போயிட்டா, பொய்க்கால் வச்சு நடக்குறதும் பெரும்பாடு."

சாப்பிட்டால் தெய்வ குத்தம். சாப்பிடாவிட்டால் மூட்டு போகும். "ஆத்தா, நீயே ஒரு வழி சொல்லு" என்று போர்வைக்குள் அழுதேன்.

பக்கத்தில் நின்று கேட்ட என் மனைவி பாக்கியம் அன்றைக்கே ஊருக்கு பஸ் ஏறினாள். அவள் திரும்பும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் வந்ததும் என் கையைப் பிடித்தாள்.

"ஒங்க விரதத்த நான் எடுத்துக்கிறேன்னு ஆத்தாகிட்ட பூக்கட்டிக் கேட்டேங்க. வெள்ளப் பூ வந்தா சரி, செவப்பு வந்தா வேணாம்னு ரெண்டு பொட்டலம். பூசாரி எடுத்தாரு. வெள்ளதான் வந்துச்சு."

என் காப்பை அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். முட்டையை உரித்து என் வாயருகே நீட்டினாள். வாயில் வாங்கியும் மெல்லாமல் வைத்திருந்தேன்.

"முழுங்குங்க. அம்புட்டு தூரம் போயி கேட்டுட்டு வந்திருக்கேன்ல."

அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர் கட்டைப் பிரித்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவர் சொன்னார்: "புதுச் சதை வருதுய்யா. மூட்டு தப்பிச்சிருச்சு."

அந்த டாக்டரின் கையிலும் அம்மன்தான் இருந்தாள் என்பது என் நம்பிக்கை. புண் மூட ஆடி மாதம் ஆனது. பொய்க்கால் பழகி நான் சன்னதிக்கு நடந்து வரும்வரை பாக்கியம் காப்பை அவிழ்க்கவில்லை, ஒரு வேளைக்கு மேல் சாப்பிடவும் இல்லை.

நேர்ந்துகொண்டோமே என்று பயந்து மருந்தையும் சோற்றையும் ஒதுக்காதீர்கள். அவளிடமே போய்க் கேளுங்கள். மனம் இறங்குவாள். எனக்கு இறங்கினாள்.

காப்பு அவிழ்த்த அன்று ராத்திரி, பாக்கியத்தை உட்காரவைத்து, அவளுடைய இரண்டாம் வேளைச் சோற்றை நான் நின்றுகொண்டு பரிமாறினேன்.