அப்பாவின் அரை றாத்தல்

அப்பாவுக்குப் பாண் கொடுக்கக் கூடாது என்றொரு சட்டம் எங்கள் ஒழுங்கையில் சில காலம் நடைமுறையில் இருந்தது.

அப்பா வள்ளம் கட்டும் ஓடாவி. கொழும்புத்துறையில் அவருடைய கைக்கு மதிப்பிருந்தது; வாய்க்கு இல்லை. "நாளைக்கு" என்று அவர் சொன்னால் ஆட்கள் சிரிப்பார்கள். அப்போது எங்கள் முற்றத்தில் பாதியில் கிடந்த வள்ளத்தின் சொந்தக்காரர், வேறொருவருடைய வள்ளத்தில் கூலிக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பேக்கரிப் பாணைப் பெட்டியில் கட்டிவரும் பாண்காரர் தினமும் காலையில் எங்கள் வாசல் படலையில் சைக்கிளை நிறுத்திக் கத்துவார்.

"ஓடாவியார்! நேற்றுச் சொன்ன பலகை வள்ளத்திலை ஏறிட்டுதோ?"

"இல்லைத் தம்பி."

"அப்ப உங்கடை அரை றாத்தல் பாண் பெட்டியிலையே கிடக்கட்டும். பலகையைக் கடியுங்கோ!"

வேலிகளுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஒரு பாண்காரருக்குப் பதில் சொல்லி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் ஒழுங்கை முகப்பிலேயே பாண்காரரை மறித்து, பலகை ஏறிவிட்டது என்றேன்.

"படிக்கிற பிள்ளை பொய் சொல்லுமே?" என்று சொல்லி, மேலே ஒன்றும் கேட்காமல் பாணைத் தந்துவிட்டுப் போனார்.

அப்பா பாணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாப்பிட்டார். பிறகு கதை கேட்கக் கடற்கரைக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு நாளும் அதே பொய், அதே பாண், அதே கடற்கரை.

மூன்றாம் நாள் பின்னேரம் முற்றத்து வள்ளத்தின் சொந்தக்காரர் வந்து, பலகை ஏறாத அதன் வெறும் மரச்சட்டங்களைத் தடவிப் பார்த்தார்.

"மாதம் முடிய, நான் கூலிக்குப் போற வள்ளக்காரரின்ரை மகன் கடலுக்கு வாறானாம். எனக்கு அந்த வள்ளத்திலை இனி இடமில்லை அண்ணை" என்றார்.

மறுநாள் காலை நான் முகப்புக்கு ஓடியபோது அப்பா எனக்கு முன்பே அங்கே பாண்காரரை மறித்து நின்றார்.

"தம்பி, மூண்டு நாளா ஒரு பலகையும் ஏறேல்லை. நான் திண்டது கள்ளப் பாண்."

பாண்காரருக்குக் கோபம் வந்தது. "'தினமும் கேள், முடிக்காட்டிப் பாண் தராதை' எண்டு என்னைக் கெஞ்சினது நீங்கள். இப்ப பிள்ளையைப் பொய் சொல்ல விட்டதும் நீங்களோ?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓம், நான்தான்" என்றார். "நாளையிலையிருந்து உள்ளை வந்து, கையாலை தொட்டுப் பாத்திட்டுக் கேள்."

அன்று அவர் வெறும் தேத்தண்ணியோடு இரண்டு பலகை ஏற்றினார். நான் என் பாணைத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளுமளவுக்கு அப்பா அந்தப் பாண்காரருக்குப் பயந்தவர் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.